திங்கட்கிழமை இரவு, 43ஆம் எண் சீட்டு

முதல் முறை போனபோது எனக்குக் கிடைத்த எண் 43. மணி ஏழரை. சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் ஒரு பாலர் பள்ளியின் வகுப்பறைகளைத்தான் திங்கள் இரவுகளில் எம்பியின், அதாவது நாடாளுமன்ற உறுப்பினரின், மக்கள் சந்திப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த மீன்கள். வெளியே, அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். என் பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர், வண்டி நிறுத்தியதற்கு வந்த அபராதக் கடிதத்தை நான்காக மடித்துக் கையில் பிடித்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சீனம் வராது. பழைய பசார் மலாயில் பேசிக்கொண்டோம். "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயிற்று என்றேன். அவர் சாப்பிடவில்லையாம். நான் எழுந்து போய்க் காப்பிக்கடையிலிருந்து இரண்டு கோப்பியும் ஒரு ரொட்டியும் வாங்கி வந்தேன். என் முறை வரும்போது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது.

இந்தச் சேவையைப் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. நாசி லெமாக் கடைக்கும், ஏர்கான் பழுது பார்க்க வருகிறவருக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிறோம். வீட்டுக் கவலையை எடுத்துக்கொண்டு போய், சட்டம் இயற்றும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடமே நேரில் சொல்லலாம், காசு கிடையாது, வாரா வாரம் நடக்கிறது. அங்கே என்ன நடக்கும், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. நம் ஆட்களில் பலர் கூச்சத்தில் போவதே இல்லை. அதனால் எழுதுகிறேன். எம்பியின் பெயர், தொகுதி, கட்சி எதையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு கட்சியைப் பற்றிப் போய்விடும், சேவையைப் பற்றி இருக்காது.

நான் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வயது 63. 1994இல் வாங்கிய ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவியும் நானும் இருக்கிறோம். மகள் வடக்கே இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது குழந்தை 2025 மே மாதம் பிறந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் தகப்பனுக்கு நான்கு வார விடுப்புக் கட்டாயம் என்று ஆகியிருந்ததால் மருமகன் நான்கு வாரம் வீட்டில் இருந்தார். மகளுக்கு 16 வாரப் பேறுகால விடுப்பு. அப்புறம் இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் ஆறு வாரம். அதுவும் முடிந்த மறுநாளிலிருந்து என் மனைவி காலை ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு பேருந்தும் ஒரு ரயிலும் மாறி அங்கே போகிறாள். இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறாள். முழங்கால் இரண்டும் தேய்ந்தவள். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மின்தூக்கிக்காகக் காத்து நிற்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஒரு நாள் தூரத்திலிருந்து பார்த்தேன். அன்று இரவே வீட்டை விற்றுவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று முடிவெடுத்தோம். பெற்றோரும் பிள்ளைகளும் 4 கிலோமீட்டருக்குள் இருக்கும்படி மறுவிற்பனை வீடு வாங்கினால் 20,000 வெள்ளி மானியம் உண்டு. அரசாங்கமே அருகருகே இருங்கள் என்று சொல்கிறது. நாங்களும் அதைத்தான் செய்ய நினைத்தோம்.

இடையில் குறுக்கே வந்தது கோட்டா. முறையான பெயர் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 மார்ச்சில் தொடங்கியது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. மலாய்க்காரர் 25. இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15. இந்தியருக்கு முன்பு 13ஆக இருந்து 2010இல்தான் 15 ஆனது. பேட்டை அளவில் இதைவிடச் சற்றுக் குறைவான வரம்புகள், 84, 22, 12 என்று. இதை நம்மில் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தியர் கோட்டா நிரம்பினால் இந்தியர் வீட்டை விற்க முடியாது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. விற்கும் இந்தியருக்கு இடைஞ்சல் வருவது சீனர் கோட்டா நிரம்பிய புளோக்கில். அங்கே சீனர் சீனருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. இந்தியர் சீனருக்கு விற்க முடியாது, ஏனென்றால் சீனர் ஒரு வீடு கூடிவிடும். எங்கள் புளோக் அப்படிப்பட்டது. வீடு பார்க்க வரக்கூடியவர்களில் பெரும்பாலோர் வாங்கவே முடியாது.

வாங்கும் பக்கத்தில் இதே கணக்கு எதிர்ப்பக்கமாக வந்து நிற்கிறது. மகள் இருக்கும் இடத்தில் எங்களுக்குப் பிடித்த மூன்று புளோக்கில் இந்தியர் கோட்டா நிரம்பியிருந்தது. அங்கே இந்தியர் விற்கும் வீட்டை மட்டும்தான் நாங்கள் வாங்கலாம். அப்படி விற்பனைக்கு வந்ததோ ஒரே ஒரு வீடு, அதுவும் மின்தூக்கியிலிருந்து நீளமாக நடக்க வேண்டிய கோடி வீடு. முழங்கால் தேய்ந்தவளை அங்கே எப்படிக் குடிவைப்பது?

எங்கள் மாடியிலேயே இரண்டு கதவு தள்ளி இருந்த சீனக் குடும்பம் அதே அளவு வீட்டை ஏழு வாரத்தில் விற்றுவிட்டுப் போனது. எங்களுக்கு ஆறு மாதத்தில் வந்த ஒரே கேட்பு, அவர்கள் விற்றதைவிட 45,000 வெள்ளி குறைவு. சொத்து முகவர், "அங்கிள், இதற்கு மேல் யாரும் வர மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். அந்த 45,000 வெள்ளிதான் எங்கள் முதுமைக்கு வைத்திருந்த பணம்.

சரி, சந்திப்புக்கு வருகிறேன்.

பதிவு மேசையில் அடையாள அட்டையைக் கொடுத்தால் சீட்டு தருகிறார்கள். முதலில் ஒரு தொண்டூழியர் உட்கார்ந்து கதை கேட்டு, கணினியில் கடிதம் தட்டுகிறார். அப்புறம்தான் எம்பி. அவர் கடிதத்தைப் படித்து, இரண்டொரு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புகிறார். இந்த நடைமுறை தெரியாமல் போகிறவர்கள், எம்பி அங்கேயே தொலைபேசியை எடுத்துக் காரியத்தை முடித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி ஒன்றும் நடக்காது. கடிதம் எழுதுவதுதான் சேவை. முடிவெடுப்பது துறை.

முதல் முறை என் கடிதத்தை எழுதிய இளைஞர் பொறுமையானவர், மரியாதையானவர். ஆனால் கோட்டாவைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "இவர் புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பிவிட்டதால் விற்க முடியவில்லை" என்று எழுதிவிட்டார். நான் திரையைப் பார்க்கவில்லை. களைப்பாக இருந்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. எம்பியும் அன்று அவசரத்தில் இருந்தார், எனக்குப் பின்னால் இன்னும் இருபது பேர். ஐந்து வாரம் கழித்து வந்த பதில், உங்கள் புளோக்கில் இந்தியர் வரம்பு நிரம்பவில்லையே என்றது. அவர்கள் சொன்னது சரி. கேட்டதுதான் தவறு. ஐந்து வாரம் போனது போனதுதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எம்பியிடம் போவதற்கு முன் கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் படித்துக் காட்டுகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

இரண்டாம் முறை எழுதியது ஒரு தமிழ்ப் பெண், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. "அங்கிள், தமிழிலேயே சொல்லுங்க, நான் ஆங்கிலத்துல எழுதிக்கிறேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் பாதிச் சுமை இறங்கியது. ஆங்கிலத்தில் பேசும்போது எனக்கு விவரம்தான் வரும், வருத்தம் வராது. தமிழில் சொன்னபோதுதான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பற்றி வாயைத் திறந்தேன். அந்தப் பெண் அதைக் கடிதத்தில் சேர்த்தாள். கைப்பேசியில் வீவக இணையப் பக்கத்தைத் திறந்து, எங்கள் புளோக்கின் கோட்டா நிலவரத்தைச் சரிபார்த்த பிறகே எழுதினாள். அது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். எழுதி முடித்துவிட்டு, "படிக்கட்டுமா அங்கிள்?" என்று அவளாகவே கேட்டாள். வாரா வாரம் அவள் இருப்பாள் என்று சொல்ல முடியாது. தமிழ் எழுதப் பேசத் தெரிந்த தொண்டூழியர் ஒருவராவது ஒவ்வொரு வாரமும் இருக்க வேண்டும். இந்தச் சேவையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

அன்று எம்பியோடு பத்து நிமிடத்துக்கு மேல் பேசினேன். மழை பெய்துகொண்டிருந்தது, கூட்டம் குறைவு. அவர் சீனர், நாற்பதுகளில் இருப்பவர். கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்கள் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள், அங்கிள்?" என்று கேட்டார். எதிர்வீட்டில் ஒரு சீன அம்மா, பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம் என்றேன். மனைவி மருத்துவமனையில் இருந்தபோது அந்தச் சீன அம்மா எனக்கு எட்டு நாள் கஞ்சி கொடுத்ததையும் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முறுக்கைத் தின்றே வளர்ந்தவர்கள் என்றும் சொன்னேன்.

"அதற்காகத்தான் நான் இந்தக் கொள்கையை விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றார். தான் வளர்ந்த மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்ததாம். அந்த வீட்டுத் தாத்தா இறந்தபோது கீழ்த்தளத்தில் நடந்த சடங்கைப் பார்த்துத்தான் மரணம் என்றால் என்ன என்றே தனக்குத் தெரிந்ததாம். கோட்டா இல்லாவிட்டால் தன் பிள்ளைகள் தீபாவளியை விடுமுறை நாளாக மட்டும் தெரிந்துவைத்திருப்பார்கள் என்றார். அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். "ஆனால் எல்லாருக்கும் நன்மை தரும் ஒன்றுக்கு உங்கள் ஒருவர் கையிலிருந்து 45,000 வெள்ளி போவது சரியில்லை. அதை நான் நாடாளுமன்றத்திலும் சொல்வேன்."

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று பேசும் விஷயம் இது. இந்தக் கொள்கையைக் கொண்டுவந்தபோது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன், நம்மவர். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர், ஹவ்காங் பக்கம் சீனர், யீஷூன் பக்கம் இந்தியர் என்று மக்கள் சேர ஆரம்பித்திருந்த காலம். 1964 இனக் கலவரத்தின்போது ஊரடங்கு போட்ட நாள்களில் என் அப்பா வெளியே போக முடியாமல் அறைக்குள்ளேயே கிடந்ததை அவர் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் கோட்டா வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி வாதம் நடந்தபோது, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சித் தரப்பு இந்தக் கொள்கை ஒரு நாள் முடிவுக்கு வர வேண்டும் என்றது. கொள்கை தொடர வேண்டும் என்று நின்றார் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் டெஸ்மண்ட் லீ. நான் அன்று அமைச்சர் பக்கம்தான் இருந்தேன். விற்கப் போனபோதுதான் எதிர்த்தரப்பு எதைச் சொன்னது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. 2022இல், நீண்ட நாள் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டைத் தகுதி பார்த்து வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். என் பணப் பிரச்சினை இத்தோடு தீரும் என்று நான் நம்பவில்லை, ஆனால் செலவைப் பொதுவில் பங்கிட வேண்டும் என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது. என் அண்டை வீட்டுக்காரர்கள் எனக்குக் கிடைத்ததற்கு ஒரு விலை இருக்கிறது என்றால், அந்த விலையை இந்த நாடு சேர்ந்து கொடுக்கட்டும்.

அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மக்கள் சந்திப்பு என்ற இந்தப் பழக்கத்தை இங்கே தொடங்கிவைத்தவர் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், 1955இல். பின்னால், 1961 இடைத்தேர்தலில், அவர் துறைமுகத்தை ஒட்டிய ஆன்சன் தொகுதியில் நின்று வென்றார். குழாயைப் புகைத்துக்கொண்டு பேசும் அந்த மனிதரைப் பற்றி அப்பா சொல்லும்போது, "அவர் காதைக் கொடுத்துக் கேப்பாருடா" என்பார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கேட்கிறாரா இல்லையா என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

அந்த அளவுகோலைத்தான் நானும் எங்கள் எம்பிக்கு வைத்துப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து அவர் வீடு வீடாகச் சுற்றி வந்தபோது எங்கள் கதவையும் தட்டினார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெயர் நினைவில் இல்லை, ஆனால் "மனைவிக்கு முழங்கால் எப்படி?" என்று கேட்டார். மனைவி வேலையிலிருந்து, அதாவது மகள் வீட்டிலிருந்து, அப்போதுதான் வந்திருந்தாள். நான் அதை வேலை என்றுதான் சொல்வேன். தேநீர் போடுகிறேன் என்று எழுந்தவளை அவர் உட்காரச் சொல்லிவிட்டு, சமையலறை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். குளியலறைத் தரை வழுக்கும் என்று நாங்கள் போட்டிருந்த பழைய சாக்கைப் பார்த்தார்.

"இதற்குக் கைப்பிடி போட்டுத் தருவார்களே, கேட்டீர்களா?" என்றார். நாங்கள் கேட்கவில்லை. 65 வயதுக்கு மேல் இருந்தால்தான் கிடைக்கும் என்று நினைத்தோம். மனைவிக்கு 61. அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுகிறவர் என்றால் 60இலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று அவரோடு வந்தவர் சொன்னார். மூத்தோருக்கான ஈஸ் திட்டம், 2012இலிருந்து இருக்கிறது. கைப்பிடி, வழுக்காத தரை, சிறு சாய்தளம் எல்லாம் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்றுச் செய்து தருகிறது. பத்தாண்டுக்கு மேலாக இருக்கும் திட்டம், எங்கள் சாக்கு அங்கேயே கிடந்திருக்கிறது. இந்த ஒரு தகவலுக்காகவே அந்த வருகை எங்களுக்குப் பலன் தந்தது. இப்போது இரண்டு கைப்பிடி மாட்டியாயிற்று. விற்கப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று நான் தயங்கினேன். விற்கும்வரை விழாமல் இருக்க வேண்டாமா என்று மனைவி கேட்டாள்.

பத்து நிமிடம் உட்கார்ந்தார். வீட்டைப் பற்றியும் பேசினார். அவருடைய அப்பாவுக்கு மறதி நோய். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைக் குளிப்பாட்டுவது தன் வேலை என்று சொன்னார். பிள்ளை வளர்ப்பதும் பெரியவர்களைப் பார்ப்பதும் பெண்கள் தலையிலேயே விழக் கூடாது, அதற்குத்தான் தகப்பன் விடுப்பைக் கட்டாயமாக்கினார்கள் என்றார். நல்ல பேச்சுதான். மனைவி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவள், அப்போது தமிழில் என்னிடம், "என்னங்க, தாத்தா பாட்டிக்கு என்ன இருக்குன்னு கேளுங்க" என்றாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தால் வேலைக்குப் போகும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக் கழிவு இருக்கிறது என்றார் எம்பி. அது எங்களுக்குத் தெரியும். மகள் அதைப் பெறுகிறாள்.

"அது மகளுக்கு. எனக்கு என்ன?" என்று மனைவி நேராகவே கேட்டாள். இந்த முறை மலாயில், அவர் முகத்தைப் பார்த்து. அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பாட்டியின் பெயரில், ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக் கணக்கில் ஏதாவது சேருமாறு செய்யலாமா என்று தானே யோசித்ததுண்டு என்றார். ஆனால் எந்தப் பாட்டி உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறார் என்று எப்படிக் கணக்கெடுப்பது என்பதில்தான் நின்றுவிடுவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வரிக் கழிவு கொடுக்கும்போது மகள் சொல்வதை நம்புகிறீர்கள்தானே என்று கேட்டேன். சிறிய குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இந்த விஷயத்தில் அவர் கருத்து இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது என்பது என் கணிப்பு. தகப்பன்களைப் பற்றி அவருக்குத் தெளிவு இருக்கிறது. பாட்டிகள் செய்வதை அவர் பாசம் என்று பார்க்கிறார், உழைப்பு என்று பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்து ஒரு பாட்டி கேட்ட பிறகு மாறுவார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கடிதத்துக்கு நான்கு வாரத்தில் பதில் வந்தது. விதிவிலக்கு கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை பதில், கேட்ட கேள்விக்கான பதிலாக இருந்தது. எங்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு எழுதியிருந்தார்கள். வீவக வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், எத்தனை மாதம் விற்க முயன்றதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று விவரமாக இருந்தது. மூன்றாம் முறை போனது அந்தப் பதிலை எம்பியிடம் காட்டத்தான். "இதை நான் விடப்போவதில்லை, அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் தேசிய வளர்ச்சி அமைச்சு வரும்போது எழுந்து கேட்பேன்" என்றார். நான் அந்த விவாதத்தை உட்கார்ந்து பார்ப்பேன். கேட்டால் அதையும் இங்கே எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் எழுதுவேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது முதல் கடிதத்துக்காகவும் தமிழ் தெரிந்தவர் எல்லா வாரமும் இல்லாததற்காகவும். காத்திருக்கும் நேரத்துக்காகக் குறைக்க மாட்டேன். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்தவர்கள், நடுராத்திரிவரை சம்பளமில்லாமல் உட்கார்ந்து மற்றவர் கவலையைத் தட்டச்சு செய்கிறவர்கள். மூன்றாம் முறை போனபோது கடைசி ஆளைப் பார்த்து முடிக்கையில் மணி பதினொன்றரை. எம்பியே நாற்காலிகளை அடுக்கினார்.

போக நினைப்பவர்களுக்கு: எங்கள் இடத்தில் ஏழு மணிக்கு முன் சீட்டு வாங்கினால் ஒன்பதுக்குள் வீடு திரும்பலாம், மழை பெய்தால் இன்னும் சீக்கிரம். அடையாள அட்டை, ஏற்கெனவே வந்த கடிதங்கள் எல்லாம் அசலாகக் கொண்டுபோங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறார்கள். வயதானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். வீட்டு விற்பனை, கோட்டா போன்ற கணக்கு உள்ள விஷயம் என்றால் உங்கள் புளோக்கின் நிலவரத்தை அந்த மாத முதல் தேதிக்குப் பிறகு பார்த்து, தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதுகிறவர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை ஒரு மலாய்க் குடும்பம் வீட்டைப் பார்க்க வருகிறது. எதிர்வீட்டுச் சீன அம்மாவிடம் சொன்னேன். நல்லவர்களாக இருந்தால் விலையில் ரொம்பக் கறாராக நிற்காதே என்றார். பிறகு, நீங்கள் போய்விட்டால் எனக்குக் கறிவேப்பிலை யார் தருவார்கள் என்று கேட்டார். செடியைத் தொட்டியோடு அவருக்கே கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.